முன்வாசலால் வந்தவர்கள்

நாள் முழுக்க "தொடாதேங்கோ, தள்ளி நில்லுங்கோ" என்று சொல்வதற்குச் சம்பளம் தருகிற தொழில் காட்சிச்சாலைத் தொழில். அங்கே நின்று கால் வீங்கியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காட்சிச்சாலையில், வருபவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது என் வேலை. சங்குகள், ஆமையோடு, பாய்க்கப்பல் மாதிரிகள், ஊரில் விழுந்த குண்டின் இரும்புத்துண்டு ஒன்று. இவ்வளவுதான் எங்கள் சொத்து. ஏதாவது உடைந்தால் வேலை போய்விடும் என்று பொறுப்பாளர் கந்தையா ஐயா முதல் நாளே சொல்லிவிட்டார்.

படிக்கட்டு

லிங்கநகர் நடராசா துறைமுகத்தில் கிளாக்கர். குண்டு விழுந்த அன்று அவருக்கு ஒரு கால் போய்விட்டது. ஊன்றுகோலோடு வந்தவர் எங்கள் உயரமான படிக்கட்டின் கீழே நின்றார். றோட்டில் போன இருவர் தூக்கிவிட வந்தார்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. கீழேயே காட்டிவிடலாம் என்று ஒரு கப்பல் மாதிரியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"தங்கச்சி, கப்பலைக் கொண்டுபோய் உள்ளுக்கு வையுங்கோ. நானும் எல்லாரையும் போல உள்ளுக்கு வரத்தான் வந்தனான்."

பலகை

சரி, வரட்டும் என்று முடிவு செய்தேன். சாமான் பெட்டிப் பலகைகளைத் தேடி எடுத்து, படிக்கட்டின் மேல் சாய்வாக அடிப்பித்தேன். கந்தையா ஐயா குதித்தார். "முன்வாசலில பலகையோ? மாட்டுக்கொட்டில் எண்டெல்லோ நினைப்பினம்!" என்றார். "அப்ப படியை இடிப்பம், ஐயா" என்றேன். அவர் தன் அறைக்குள் போய்விட்டார்.

நடராசாவின் ஊன்றுகோலை வாங்கி, ஒரு காலை மடக்கிக்கொண்டு நானே முதலில் ஏறிப் பார்த்தேன். பாதியில் சறுக்கி, றோட்டில் நின்ற அத்தனை பேரும் பார்க்க விழுந்தேன். சாய்வு கூடிப்போயிருந்தது. பலகையை றோட்டு ஓரம்வரை நீட்டினோம். மறுபடி ஏறினேன், விழவில்லை. பிறகு நடராசா ஏறினார், யாருடைய கையையும் பிடிக்காமல். ஒவ்வொரு கப்பலுக்கு முன்னாலும் ஆறுதலாக நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த கிழமை, முழங்கால் நோவுக்காரரான கந்தையா ஐயா அதே பலகையால் ஏறி வருவதைக் கண்டேன். அவராகவே சொன்னார்:

"மழைக்குப் படி வழுக்கும், பிள்ளை. அதுதான்."

கத்தல்

காது கேளாத தையற்காரர் ஒருவர் வந்தார். நான் அவருடைய காதுக்குக் கிட்டப் போய், தொண்டை கிழியக் கத்தி விளக்கினேன். முன்கடைக்காரர் சண்டையாக்கும் என்று எட்டிப் பார்த்தார். தையற்காரர் பொறுமையாக என் தோளைத் தொட்டு, யன்னல் வெளிச்சம் முகத்தில் படும்படி திருப்பி நிறுத்தினார்.

"மெல்லமாக் கதையுங்கோ. கத்தினா வாய் கோணுது, ஒரு சொல்லும் விளங்கேல்ல."

இரும்பு

கிண்ணியா சுபைதா தோணியேறி, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் குண்டுவீச்சில் துறையடியில் நின்று கண்பார்வையை இழந்தவர். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். இரும்புத்துண்டு என்றதும் நின்றுவிட்டார்.

"அதை என்ட கையில தாங்க, மகள்" என்றார்.

கந்தையா ஐயா தன் அறை வாசலில் நின்று, வேண்டாம் என்று தலையாட்டினார். வேலை போனால் போகட்டும் என்று கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, துண்டை எடுத்துச் சுபைதாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவருடைய விரல்கள் அதன் ஓரங்களைத் தடவித் தடவிப் போயின. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுபைதா அதைக் கையில் ஏந்திப் பாரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இவ்வளவுதானா? என்ட அம்மிக்குழவி இதை விடப் பாரம்."

கந்தையா ஐயா கிட்ட வந்தார். அவர் என்னைப் பார்க்காமலே ஆமையோட்டை எடுத்து, "இதையும் பாருங்கோ" என்று சுபைதாவிடம் நீட்டினார். அடுத்த நாள் நடுக்கூடத்தில், தொட்டுப் பார்க்கச் சங்குகளும் ஆமையோடும் இரும்புத்துண்டும் பரப்பிய, கண்ணாடி போடாத மேசை ஒன்று வந்து நின்றது.

யுத்தம் முடியும்வரை எத்தனையோ கைகள் அந்த மேசைச் சாமான்களைத் தடவிப் பார்த்தும் அங்கே உடைந்தது ஒரேயொரு சங்குதான். தூசு தட்டும்போது அதைக் கீழே போட்டவர் எங்கள் கந்தையா ஐயா.