கிடைக்கும் முன்பே போட்ட காணிக்கை

என் மகள் எஸ்தர் சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கியது எண்பத்தொன்பதாம் வருஷம் நவம்பரில். வெளியே விடாத மழை. ஆவடிக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் ஊறிக் கிடந்தது. தட்டுக்கு முன்னால் உட்காருவாள். சோற்றைப் பிசைவாள். பிசைந்துகொண்டே இருப்பாள். ஒரு வாய் போகும். இரண்டாவது வாய்க்குள் எழுந்துவிடுவாள். அப்போது அவளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. பாவாடை இடுப்பில் நிற்காமல் என் மனைவி கிரேஸ் ஊக்கு குத்தித்தான் பள்ளிக்கூடம் அனுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ‘ஒன்றுமில்லை’ எங்களை இன்னும் பயமுறுத்தியது. நோய்க்கு ஒரு பேர் இருந்தால் அந்தப் பேரைச் சொல்லி ஜெபிக்கலாம். பேரில்லாத ஒன்று என் பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது.

அன்பான சபையாரே, அதன் பேர் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை வீட்டுக்குள் கூட்டிவந்தவனே நான்தான்.

அந்த வருஷம் ஜூன் மாதத்திலிருந்து குவார்ட்டர்ஸில் ஒரே பேச்சு. பட்டணத்தில் ஒரு பெண்கள் பள்ளி. ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். அங்கே நுழைந்துவிட்டால் பிள்ளையின் தலையெழுத்தே வேறு என்றார்கள். அதற்கென்றே கரையான்சாவடியில் ஒரு மாஸ்டர், மளிகைக்கடை மாடியில் ட்யூஷன் நடத்தினார்.

நான் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். லேத்தில் கடைந்து வருகிற உருப்படியை அளவுக்கருவியில் விட்டுப் பார்ப்பேன். நுழைந்தால் பாஸ். நுழையாவிட்டால் சிவப்புச் சாயம் பூசி ஒதுக்குவேன். நாளெல்லாம் அதே வேலை. என்னோடு வேலை செய்த தயாளன் திருவேற்காட்டுக்காரன், வாய் சும்மா இருக்காது.

“இன்னா அண்ணாத்தே, ஊரே புள்ளைங்கள இஸ்துகினு கரையான்சாவடிக்கு ஓடுது. நீ சொம்மா குந்திகினு கீறே? அப்பால உன் பொண்ணும் நம்மள மாதிரி டிபன் பாக்ஸ தூக்கிகினு ஷிப்ட்டுக்குப் போவும், பாத்துக்கோ.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத் தூக்கம் போயிற்று.

கிரேஸுக்கு இஷ்டமில்லை. “பிள்ளைக்கு விளையாட நேரம் வேண்டாமாங்க? நாம ரெண்டு பேரும் எந்த ட்யூஷனுக்குப் போனோம்?”

“போகலை. அதான் திருநெல்வேலியை விட்டு இங்க வந்து கிடக்கோம்.”

“கிடந்தா என்ன, சோறு இல்லாமலா கிடக்கோம்?”

இரண்டு வாரம் இப்படியே. அனுப்பாவிட்டால் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தவன் ஆவேனோ. அனுப்பினால் பிள்ளையையே கெடுத்துவிடுவேனோ. காலையில் ஒரு தீர்மானம், சைக்கிளை மிதித்துத் தொழிற்சாலை கேட்டைத் தாண்டும்போது வேறொரு தீர்மானம். ஒரே பாயில் முழங்கால் போட்டு, ஒரே பரம தகப்பனிடம் நானும் அவளும் நேர் எதிரான இரண்டு காரியங்களைக் கேட்டோம். கடைசியில் என் குரல்தான் உரக்க இருந்தது. ஜூலையில் எஸ்தரைச் சேர்த்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் பஸ். மாடியில் இரண்டு மணி நேரம் கணக்கு, ஆங்கிலம். சனிக்கிழமை டெஸ்ட். மார்க் எழுதிய தாளை மாஸ்டர் கதவில் ஒட்டுவார். மேலிருந்து கீழே வரிசையாகப் பேர்கள். நான் கீழிருந்து மேலே படிக்கப் பழகிக்கொண்டேன். எஸ்தரின் பேர் அப்படித்தான் சீக்கிரம் கிடைத்தது.

“பொண்ணுக்குப் புத்தி இருக்கு சார். கேள்வித்தாளைக் கண்டா கை நடுங்குது” என்றார் மாஸ்டர். நல்ல மனிதர். நடுக்கத்தை அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் அதையும் ஒரு பாடம் என்று நினைத்து, வீட்டில் காலையில் இன்னும் ஒரு மணி நேரம் உட்காரவைத்தேன்.

அக்டோபரில் எங்கள் சபையில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், கேட்டது கையில் வருமுன்பே வந்துவிட்டதாக நன்றி சொல்லுங்கள், அதுதான் விசுவாசம் என்றார். எத்தனையோ பேருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மூழ்குகிறவன் பக்கத்தில் இருப்பவனின் கழுத்தைப் பிடிப்பது போல.

அடுத்த ஞாயிறு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் எடுத்து, மேலே எழுதினேன்: மகள் எஸ்தருக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைத்ததற்காக. கிரேஸிடம் சொல்லவில்லை. காணிக்கைப் பையில் போட்டேன். ஆராதனை முடிவில் கவர்களை வாசிப்பது உங்களுக்கே தெரியும். பிறந்தநாளுக்காக, கல்யாண நாளுக்காக, சுகம் கிடைத்ததற்காக. அந்த வரிசையில் செயலாளர் இதையும் வாசித்தார். சபை முழுக்க ஒரு குரலாய் ஸ்தோத்திரம் சொன்னது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எஸ்தர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றைக்கும் என்மேல்தான் இருக்கிறது.

வாசலில் ஆளாளுக்கு வந்து கைகொடுத்தார்கள். போதகரின் மனைவி ஐயரம்மா எஸ்தரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்கள். “ஸ்வீட் எங்கட்டி?” என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். தேர்வே இன்னும் எழுதவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவிசுவாசம். சொல்லாவிட்டால் பொய். இரண்டுக்கும் நடுவில் ஒரு புன்சிரிப்பு சிரித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கிரேஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அதற்குப் பிறகுதான் எஸ்தர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கத் தொடங்கினாள்.

டிசம்பர் போயிற்று. கிறிஸ்துமஸ் கேக்கை அவள் தம்பி சாமுவேல் தின்றான், அவள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். தலைவாரும்போது சீப்பு நிறைய முடி வந்தது. கிரேஸ் அதைச் சுருட்டி என் கண்ணில் படாமல் எறிவாள். நான் பார்த்துவிடுவேன். பிள்ளைக்குச் சுகம் தாரும் என்று ஜெபித்தேன். கூடவே, இடமும் தாரும் என்று ஜெபித்தேன். ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை. தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். வழக்கமாக அவளோடு ட்யூஷனுக்குப் போகிற பக்கத்து பிளாக் பிள்ளைகள் ஊரிலிருந்து திரும்பவில்லை. பஸ் கண்டக்டர் தெரிந்தவர்தானே என்று மதியம் அவளைத் தனியாக அனுப்பினோம். நாலு மணிக்கு அழைத்துவர நான் கரையான்சாவடி போனேன். மாடியேறினேன்.

மாஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “எஸ்தர் இன்னைக்கு வரவேயில்லையே சார்?”

படியிறங்கியது நினைவில்லை. மளிகைக்கடையில் கேட்டேன். பூ விற்கிறவரைக் கேட்டேன். வழியில் எங்கேயாவது இறங்கியிருப்பாளோ என்று பஸ் வந்த வழியே திரும்பி ஓட்டமும் நடையுமாகப் போனேன். சென்னீர்குப்பத்தில் பெங்களூர் சாலை குறுக்கே வந்தது. வெயில் சாயாத நேரம். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, தூசியும் ஹாரனுமாக. பத்து வயசுப் பிள்ளை இதைக் கடந்திருப்பாளா? ஒவ்வொரு லாரி போகும்போதும் அதன் சக்கரத்துக்குப் பின்னால் தரையைப் பார்த்தேன். தகப்பனாக இருக்கிற எவனும் பார்க்கக் கூடாததைத் தேடிப் பார்த்தேன்.

அங்கிருந்த பஸ் நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபித்தேன். கண்ணை மூட பயம். திறந்த கண்ணோடு ஜெபித்தேன். ஆண்டவரே, இடம் வேண்டாம். எந்தப் பள்ளியும் வேண்டாம். அவள் தெருக் கூட்டினாலும் சரி. பிள்ளையைக் கொடுத்துவிடும். இவ்வளவுதான். ஏழு மாதத்தில் நான் ஒரே ஒரு காரியத்தை மட்டும் கேட்டது அதுதான் முதல் தடவை.

பூந்தமல்லி பஸ் வந்து நின்றது. படியில் அதே கண்டக்டர்.

“இன்னா சார், மூஞ்செல்லாம் இப்டி கீது?”

சொன்னேன்.

“பாப்பாவா? அது என் வண்டில ஏறவே இல்ல சார்! ரெண்டு மணி ட்ரிப்புக்கு ஸ்டாண்டுல நின்னுகினு இருந்துச்சு. வா கண்ணுன்னேன். தலைய ஆட்டிட்டு உங்க சர்ச்சு தெரு பக்கம் நடந்துச்சு. நீங்கதான் அங்க கீறீங்கன்னு நெனச்சேன். எதிர்ல ஆவடி வண்டி வருது பாரு, தாண்டி ஓடு, ஓடு!”

ஒரு நாளைக்கு எத்தனை பஸ், எத்தனை கண்டக்டர். அந்த நிமிஷத்துக்கு அந்த மனிதர். நான் இதைத் தற்செயல் என்று சொல்ல மாட்டேன்.

ஆலயத்தின் பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஞாயிற்றுக்கிழமைக்காகத் தரை கழுவிக்கொண்டிருந்த சரோஜாக்காவின் குரல் கேட்டது. சரோஜாக்கா நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல, கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு வருகிறவர். பதில் சொன்னது என் மகள். நான் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன்.

“கவரைத் திருப்பிக் குடுத்துருங்கக்கா. அப்பா தெரியாம போட்டுட்டாங்க.”

“சாமிக்குப் போட்டத யாருனா திருப்பிக் கேப்பாங்களா கண்ணு? எங்கிட்ட ஏது கவரு, என்கிட்ட தொடப்பம்தான் கீது.”

“நான் பாஸாக மாட்டேன்க்கா. எனக்குத் தெரியும். அப்போ இயேசப்பா காணிக்கைய வாங்கிட்டு ஏமாத்துன மாதிரி ஆயிரும்ல? எல்லாரும் அவரைத் திட்டுவாங்க.”

சரோஜாக்கா வாளியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

“அவரு எம்மாம் பேரப் பாத்தவரு! உங்கப்பன் போட்ட கவருக்கா அழுவப் போறாரு? நீ மொதல்ல இந்த பன்ன துன்னு. டீல தொட்டுத் துன்னு.”

கதவோரம் சுவரில் சாய்ந்தேன். மூன்று மாதமாக என் பிள்ளை தன் பத்து வயசுத் தோளில் ஆண்டவருடைய நற்பெயரைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். அதை ஏற்றிவைத்தவன் நான்.

உள்ளே போனேன். என்னைக் கண்டதும் பன்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். “ட்யூஷனுக்குப் போகலைப்பா. அடிப்பீங்களா?”

ஈரத் தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். “அடிக்க மாட்டேன்ட்டி. அப்பாதான் தப்பு பண்ணினேன். அந்தக் கவரைப் பத்தி நானே அவர்கிட்டப் பேசிக்கிறேன். உனக்கு அதுல வேலை இல்லை.”

“நிசமாவா?”

“நிசமா.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பன்னை முழுக்கத் தின்றாள். “இன்னொன்னு வாங்கியாரட்டா?” என்று சரோஜாக்கா கேட்டதற்குச் சரி என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் சாட்சி நேரத்தில் எழுந்தேன். உங்களில் பலர் அன்று இருந்தீர்கள். “அக்டோபரில் வாசித்த கவரில் இருந்தது நடக்காத காரியம். நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லவில்லை. அவருக்குக் கெடு வைத்தேன். என் பிள்ளையைப் பிணையாக வைத்தேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. வெளியே வந்தபோது ஒரு மூப்பர், “தம்பி, விசுவாசத்தில் இப்படிப் பின்வாங்கலாமா?” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வி என்னைப் பல நாள் படுத்தியது. ஆனால் அன்று மதியம் எஸ்தர் இரண்டாம் தடவை சோறு கேட்டாள். கிரேஸ் கரண்டியை எடுத்துத் தட்டு நிறையப் போட்டாள்.

ட்யூஷனை நிறுத்தினோம். தேர்வை எழுதுவதா வேண்டாமா என்று முதல் முறையாக அவளைக் கேட்டோம். “எழுதுறேன்ப்பா. எப்படித்தான் இருக்கும்னு பாக்கலாம்” என்றாள். எழுதினாள். ஏப்ரலில் பட்டியல் போட்டார்கள். பலகையில் அவள் பேர் இல்லை. நான் மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை தேடினேன். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது, மறைக்க மாட்டேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “இல்லல்ல? வாங்கப்பா, வெயில் சுடுது.”

மறுநாள் தயாளன் மெதுவாகக் கேட்டான். “கெடைக்கலியா அண்ணாத்தே?”

“கெடைக்கல.”

“பொண்ணு எப்டி கீது?”

“நல்லா கீது” என்றேன், அவன் பேச்சிலேயே. அவன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

வருஷங்கள் ஓடிவிட்டன. எஸ்தர் ஆவடியிலேயே படித்து, இப்போது நர்ஸிங் இரண்டாம் வருஷம். சாமுவேல் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது அவனாகவே ட்யூஷன் கேட்டான், வைத்தோம். ஆகவே ட்யூஷன் பாவம் என்று நான் எழுதவில்லை. அனுப்புவதா வேண்டாமா என்று இன்றும் என்னிடம் வந்து கேட்கிறவர்களுக்கு என்னிடம் தயாரான பதில் கிடையாது. என் பயம் முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளைகளைப் பெற்றவனுக்கு அது போகாது. அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். முன்பு பிள்ளையின் தலையில் இறக்கினேன். அந்த லாரிச் சாலையில் நின்று கேட்ட ஒற்றை வரிக்கு, ஒரு பஸ் வந்து நிற்கும் நேரத்துக்குள் பதில் தந்தாரே, அவரிடம் இறக்குகிறேன். அந்தப் பதிலுக்காகத் தினமும் நன்றி சொல்கிறேன். இது கைக்கு வந்த பிறகு சொல்கிற நன்றி.

இந்த வருஷமும் உங்கள் வீடுகளில் விண்ணப்பப் படிவங்கள் வந்திருக்கும். நீங்களும் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக முடிவெடுத்துக்கொண்டிருப்பீர்கள். அவரை நம்பிக் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். அதற்கு முன்னால் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, உனக்காக நான் என்ன கேட்கட்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அப்புறம் முழங்கால் போடுங்கள்.