மூன்றாம் ஓலைக்கு முந்தின கோல்

சூடேறிய வி.சி.ஆர். வாசனை உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? தூசியும் பிளாஸ்டிக்கும் லேசாகக் கருகுகிற மாதிரி... என் முதல் வேலையின் வாசனை அதுதான்.

திண்டிவனத்தில் ஒரு கேபிள் டி.வி. ஆபீஸ். மாடியில் ஒரே அறை. சுவரில் நீலப் பெட்ஷீட், இரண்டு நாற்காலி, ஒரு மைக், ஒரு போன். அதற்குப் பெயர் ஸ்டுடியோ! சாயங்காலமானால் ஜனங்கள் போன் போட்டுப் பாட்டு கேட்பார்கள்.

மாதா கோயில் திருவிழா வாரத்தில் மட்டும் பாட்டுக்கு லீவு. கோயில் மைதானத்தில் நடக்கிற ஃபுட்பால் மேட்ச்சைக் கல்யாண வீடியோ கேமராவில் எடுத்து வந்து போடுவோம். மேட்ச் முடிந்ததும் அலசல்.

அலசுகிறவர் ஃபிரான்சிஸ் அண்ணன். விழுப்புரத்துக்காரர், ரயில்வேயில் வேலை, ஒரு காலத்தில் விழுப்புரம் டீமில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் பேக். சத்தம் போடமாட்டார். டீக்கடையில் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

எங்கள் முதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு. "ஒரு வாட்டிதான் ஓட்டணும். ரீவைண்ட் பண்ணிக்கினே இருந்தா டேப்பு தேஞ்சிடும்." அதனால் அண்ணன் மைதானத்தில் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் தீர்ப்பு சொல்வார்.

அந்த வருஷம் ஃபைனல் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும். ஒரே கோல், விழுப்புரம் ஜெயித்தது. கோல் வாங்கிய திண்டிவனம் கோல்கீப்பர் ஆரோக்கியம். சிக்கல் என்னவென்றால், ஆரோக்கியத்தின் தங்கை லில்லியைத்தான் ஃபிரான்சிஸ் அண்ணனுக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் பூசையில் அறிவிப்பாரே, அந்த ஓலை. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு.

வருங்கால மச்சானைப் பற்றி என்ன சொல்லப் போகிறார் என்று ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. பூசி மெழுகிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

அண்ணன் மைக்கைக் கிட்டே இழுத்தார். "கார்னர் வருது. கோல்கீப்பர் நட்ட கல்லாட்டம் நிக்கிறாரு, எகிறவே இல்ல. இந்த கோல் முழுக்க அவரு தப்புங்க."

மனதுக்குள்ளேயே கத்தினேன். யோவ்... நாலு நாளில் ஓலை இருக்கிறதே, மனுஷா!

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"லில்லி பேசறேங்க. கோல்கீப்பர் தங்கச்சி."

கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளையோடு தனியாகப் பேசினாலே ஊர் முணுமுணுக்கிற காலம். இந்தப் பெண் ஊர் முழுக்கக் கேட்கச் சண்டைக்கு வந்திருக்கிறது...

"நான் போஸ்ட்டுக்குப் பின்னாடிதான் ஒக்காந்திருந்தேன். எங்கண்ணன் எப்படிங்க எகிறுவான்? உங்க ஊரு ஆளு அவன் சட்டையைப் புடிச்சி இழுத்துக்கினு இருந்தான். டேப்பைத் திருப்பிப் போட்டுப் பாருங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். "ரீவைண்ட் பண்ணுப்பா."

வாசலில் நின்ற முதலாளி வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் பார்க்காத மாதிரி பட்டனை அழுத்தினேன். படம் கோடு கோடாகப் பின்னால் ஓடியது. நிறுத்தினேன். ஸ்டில் நடுங்கிக்கொண்டே நின்றது. ஆரோக்கியத்தின் முதுகில், சட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி ஒரு கை. விழுப்புரம் ஜெர்சி.

அண்ணன் மைக்கில் சொன்னார்.

"நான் சொன்னது தப்புங்க. ஆரோக்கியம் மேல ஒரு தப்பும் இல்ல. அது ஃபவுல். கப்பு எங்க ஊருக்கு வந்துட்ச்சி, ஆனா அது கோல் இல்லங்க."

முதல் அதிர்ச்சியாவது பரவாயில்லை. இதில் நான் வாயைப் பிளந்துவிட்டேன். சொந்த ஊர் ஜெயித்த கப்பையே செல்லாது என்று எந்த மனுஷன் சொல்வான்? விழுப்புரம் பையன்கள் ரொம்ப நாள் அவரோடு பேசவில்லை.

அங்கே லில்லி வீட்டில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அண்ணனின் முதல் தீர்ப்பைக் கேட்டதுமே லில்லியின் அப்பா, ஓலையை நிறுத்தச் சொல்லச் செருப்பை மாட்டிக்கொண்டு சாமியாரைப் பார்க்கக் கிளம்பிவிட்டாராம். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே லில்லி அவரை நிறுத்தியிருக்கிறது. அண்ணன் தப்பை ஒத்துக்கொண்டதும் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னதாம்.

"தப்புன்னா தப்புன்னு ஊருக்கே சொல்றாரு. வூட்ல சொல்லமாட்டாரா?"

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள்.

இப்போது டி.வி.யில் தமிழிலேயே கமெண்டரி வருகிறது. சந்தோஷம்தான். எட்டு கேமரா, அம்புக்குறி, வட்டம், கோட் போட்ட நாலு நிபுணர்கள்...

போன வாரம் ஒருவர் பெனால்டியே இல்லை என்று அடித்துச் சொன்னார். ரீப்ளேயில் காலை வாரிவிட்டது பளிச்சென்று தெரிந்தது. மனிதர் கண்கூட இமைக்காமல், "அதைத்தானே நானும் சொன்னேன்" என்கிறார்! பக்கத்தில் இருந்த மூன்று பேரும் தலையாட்டுகிறார்கள். டி.வி.யை அணைத்துவிட்டேன்.

சரி, பாட்காஸ்ட் கேட்போம் என்று விழுப்புரத்தில் பஸ் ஏறியதும் காதில் மாட்டினேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் இரண்டு பேர் ஏழு கோச்சுகளை வேலையைவிட்டுத் தூக்கிவிட்டார்கள். முந்தின வாரம் அதே கோச்சுகளைத்தான் தெய்வம் என்றார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

திண்டிவனத்தில் இறங்கி நேரே அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். அவர் இல்லை. லில்லி அண்ணியிடம் பொருமித் தீர்த்துவிட்டு, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அண்ணி, வூட்ல அண்ணன் தப்பை ஒத்துக்கிறாரா?"

அண்ணி மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரிப்பதை நிறுத்தாமல் சொன்னார். "எங்க... அதுக்கு அவரு கையில மைக்கு இருக்கணும்."

சிரித்தோம். பிறகு எனக்குத்தான் சிரிப்பு அடங்கிவிட்டது.

இன்றைக்கு எல்லார் கையிலும் மைக் இருக்கிறது, அண்ணி.