எந்தப் பீரோ?

எழுபதுகளின் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, பிரான்ஸிலிருந்து என் கணவரின் கடிதம் வந்தது. ‘காகிதமெல்லாம் பீரோவில் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடு. தவறினால் உங்கள் விசாவுக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.’ உங்கள் என்றால் நானும், அவர் இன்னும் பார்த்திராத எங்கள் ஐந்து மாத மகளும்.

அவர் பாண்டிச்சேரிக்காரர். அவர் கப்பலேறியதும் அங்கிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, திருவண்ணாமலையில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். கல்யாணச் சீராகக் கொடுத்த இரும்பு பீரோவும் கூடவே வந்தது. புடவைகளைத் தரையில் வாரிப் போட்டுத் தேடினேன். லாக்கரை நாலு தடவை குடைந்தேன். ஒரு காகிதமும் அகப்படவில்லை.

“அடித்தட்டுல பாத்தியாடி? காயிதத்துக்குக் கால் முளைச்சா ஓடிடும்?” என்று அம்மா வேறு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்த, தமிழ் கற்ற பிரெஞ்சுக்காரி குழந்தையைப் பார்க்க வந்தாள். புடவைக் குவியலைப் பார்த்து விசாரித்தாள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

“பீரோ எங்க வார்த்தை. முதல்ல முரட்டுக் கம்பளித் துணி. அப்புறம் அந்தத் துணி விரிச்ச மேஜை. அப்புறம் மேஜை இருக்கிற ரூம், ஆபீஸ். இரும்பு அலமாரி நீங்க பண்ணது!” என்று சிரித்தாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. துணி மேஜையாகட்டும், மேஜை ஆபீஸாகட்டும், யார் வேண்டாமென்றது? திருவண்ணாமலைப் பெண்டாட்டிக்கு எழுதுகிற மனுஷன் ஆபீஸ் என்று எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா?

சனிக்கிழமை காலை குழந்தையோடு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸுக்கு மேலே மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றுகிறோம் என்று நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் என் உயிர் போய்ப் போய் வந்தது.

பாண்டிச்சேரியில் விசா கொடுக்கும் பிரெஞ்சுத் தூதரக ஆபீஸ் வாசலில் காவலாளி மட்டும் இருந்தார். “பன்னெண்டுக்கே மூடிட்டாங்கம்மா. திங்கக்கிழமை வாங்க.”

திங்கட்கிழமை போனபோது காகிதங்களைப் பிரான்ஸுக்கே திருப்பி அனுப்பிவிட்டிருந்தார்கள். மறுபடி எழுதிப்போட்டு, விசா கைக்கு வர இரண்டரை வருஷம் ஆயிற்று.

பாரிஸ் விமான நிலையத்தில் அவர் ஓடி வந்து மகளைத் தூக்கக் கை நீட்டினார். அவள் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“இந்த மாமா யாரும்மா?”