ஞானசுந்தரி வண்டிக்கு வந்த சூடு

ஞானசுந்தரிக்கு ஐம்பத்து மூன்று வயது. தாயில்பட்டிப் பக்கத்து ஊர்களுக்குக் கிராம செவிலியர். ஊசி போட்டாலும் வண்டி ஓட்டினாலும், எதிராளி பதறுவதற்குள் காரியத்தை முடித்துவிடுவாள். சாத்தூரிலிருந்து தினமும் போக வர ஐம்பது கிலோமீட்டர். அதற்காகவே கரண்டு வண்டி வாங்கினாள். ஒரு சார்ஜுக்கு எண்பது ஓடிக்கொண்டிருந்த வண்டி, பங்குனியில் திடீரென்று நாற்பத்தைந்தில் படுத்துவிட்டது.

படுத்த இடம் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசல். சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதும், வாட்ச்மேன் இருளாண்டி இரண்டடி பின்வாங்கினார்.

"சிஸ்டர், இங்கன செல்போனையே வாசல்ல வாங்கி வச்சுருவோம். நீங்க பேட்டரியவே உருட்டிட்டு வாரீக."

அடுத்த கட்டடம் தீப்பெட்டி ஆபீஸ். அங்கே அவள் கேட்கவே இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் ஒரு பரோட்டாக் கடையில் பிளக் கிடைத்தது.

வண்டிக் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார் கணவர் இன்பம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மெக்கானிக்கோ உட்கார்ந்த ஸ்டூலை விட்டு எழாமலே, பேட்டரி போச்சு, மாற்றணும் என்றான். ஆளைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதுகிற டாக்டர்களையே ஞானசுந்தரிக்குப் பிடிக்காது. அதை அவனிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

டயர் இரண்டிலும் காற்றுக் குறைவாக இருந்தது. அடித்ததில் ஐந்து கிலோமீட்டர் திரும்பி வந்தது. மீதி முப்பது எங்கே போகிறது?

மறுநாள் வீடு வந்து இறங்கியதும் சக்கரங்களின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்தாள். பின்சக்கரத்தில் மோட்டார், சுடலாம். சும்மா உருளுகிற முன்சக்கரம் ஏன் அதைவிடச் சுடுகிறது? ஸ்டாண்டு போட்டு, முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றினாள். அரைச் சுற்றில் நின்றது. பிடிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. பிரேக் கம்பியின் நட்டை யாரோ கடைசிவரை முறுக்கியிருந்தார்கள்.

ஸ்பேனர் எங்கே என்று கத்தினாள். தன் மூக்குக்கண்ணாடியைத் தினம் மூன்று தடவை தேடுகிற இன்பம், ஸ்பேனரைத் தேடாமலே கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் சரியான அளவு.

"நீங்களா முறுக்குனீக?"

"நீ ஓட்டுற ஓட்டுக்குப் பின்னால உக்காந்து ஜெபம் பண்ணிக்கிட்டே வாரேன். பிரேக்கு லேசாப் புடிச்சா மெதுவாப் போகும்னு நெனச்சேன்."

"பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா கேப்பியா?"

கேட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும். முதுகுக்குப் பின்னால் இத்தனை நாள் அவர் முணுமுணுத்ததை ஏதோ பழைய செய்யுள் என்றல்லவா நினைத்திருந்தாள். குனிந்து நட்டைத் தளர்த்தினாள்.

இப்போது ஒரு சார்ஜுக்கு எழுபத்தெட்டு ஓடுகிறது. தனியாகப் போகும்போது அவள் வேகம் அவளுக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரியும். இன்பம் பின்னால் இருந்தால் முப்பத்தைந்தைத் தாண்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்குப் பத்து நிமிடம் தாமதமாகவே போய்ச் சேருகிறார்கள். போதகர் முறைக்கிறார். முறைத்துவிட்டுப் போகட்டும் என்கிறாள்.