பஞ்சுக்கை மழித்த முழங்கால்

"கால்ல பிளேடு வச்சீங்களா அண்ணே?"

நர்ஸ் கேட்டபோது அவர் போர்வையை முட்டிமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். ஆமாம் என்றால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்று பயம்.

அவர் முடிதிருத்துகிறவர். இருபத்திரண்டு வருடங்களாக ஒரே கடை, ஒரே நாற்காலி. சவரம் செய்தால் கத்தி பட்டதே தெரியாது. அதனால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் பஞ்சுக்கை. இரண்டு மாதம் முன்பு கடையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் இடது முழங்காலின் ஜவ்வு அறுந்துவிட்டது. நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. அந்தக் காலோ நிற்க மாட்டேன் என்றது. தொடையிலிருந்து நார் எடுத்து முட்டிக்குள் வைத்துப் பொருத்தலாம் என்றார் டாக்டர். நான்கு மாதம் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகக் கடை முதலாளி சொன்னார். அதற்குமேல் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை மனைவி வாசித்துக் காட்டினாள். சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், காலை மழிக்கவே கூடாது. அது கை நடுங்குகிறவனுக்கு எழுதியது என்று சிரித்தார்.

"ஆமா, உங்க கைக்குன்னு தனியா ஒரு தாள் அடிப்பாங்க," என்றாள்.

முடி மண்டிய காலோடு போய்ப் படுப்பது தொழிலுக்கே இழுக்கு என்று அவருக்குப் பட்டது. ஆபரேஷன் அன்று காலை குளியலறையில் புது பிளேடு மாட்டினார். மேலிருந்து கீழே ஒரு தடவை, வழவழப்புக்காக எதிர்ப்பக்கம் ஒரு தடவை. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

நர்ஸ் பஞ்சை மருந்தில் நனைத்து முட்டியைத் துடைத்தாள். சுரீர் என்றது.

"எரியுதா?"

"இல்லம்மா."

அந்த 'இல்ல' அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. சவரம் முடிந்து லோஷன் தடவும்போது, கன்னம் சுருங்கச் சுருங்க வாடிக்கையாளர்கள் வீறாப்பாகச் சொல்கிற அதே 'இல்ல'. எரிகிறது என்றால் தோல் கீறியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கீறல் கீறல்தான்.

நர்ஸ் விடவில்லை. கீறலில் குடியேறிய கிருமி உள்ளே போனால் புது நாரில் ஒட்டிக்கொள்ளும், அந்த நாருக்கு ஆரம்பத்தில் ரத்த ஓட்டம் கிடையாது, முற்றிவிட்டால் அதையே எடுத்துப் போட வேண்டி வரலாம் என்றாள்.

ஒவ்வொரு தலைக்கும் பிளேடு மாற்றுகிற மனிதருக்குக் கிருமியைப் பற்றி அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வச்சேம்மா," என்றார். "ரெண்டு தடவ. எரியுது."

டாக்டர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். ரவை தூவினாற்போல் பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். தோல் ஆறட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்தது.

வழியெல்லாம் மனைவி அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள். திட்டியிருந்தால் தேவலாம். போனில் முதலாளி "பாக்கலாம்" என்றார். அது நல்லதா கெட்டதா என்று அவரால் கணிக்க முடியவில்லை. தினமும் காலை நீட்டி உட்கார்ந்து, முடி மறுபடி முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முட்டி ஆபரேஷனுக்குப் போகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பஞ்சுக்கையின் கதையைச் சொல்லிவிடுங்கள். முடியை எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் அவர்களே மெஷின் வைத்து எடுத்துக்கொள்வார்கள்.