பூசி மெழுகிய குழி

1978 பிப்ரவரி 14, செவ்வாய். வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, இரண்டு இட்லி தின்றுவிட்டு, சர்க்கார் மண் ஆய்வு வேலைக்காக வாடிப்பட்டி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தில், ஆடு மேய்க்கும் கருப்பையாவிடம் வெட்டச் சொன்ன ஆளுயரக் குழி தயாராக இருக்கிறது. மேலே புல்வேர் பின்னிய மண், நடுவில் களிமண், அடியில் சுண்ணாம்புக்கல் என்று ஒவ்வோர் அடுக்கையும் பார்த்து, பிசைந்து, எழுதினால்தான் நிலத்தின் வகையைச் சொல்ல முடியும். உழவுக்கு ஆகாது என்று எழுதினால் சர்க்கார் இதை மேய்ச்சலுக்கே விட்டுவிடும்.

குனிந்து பார்க்கிறேன். நான்கு பக்கமும் சேறு பூசி, வீட்டுச் சுவர்போல வழவழவென்று ஒரே நிறம்.

"யாருய்யா பூசினது?"

"நாந்தேன் சார்." கருப்பையா கையில் பூச்சுக்கரண்டி. "அசிங்கமா இருந்துச்சு. பாத்துட்டு நல்லா எழுதணும்ல? இம்புட்டு ஆட்டையும் ஓட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஈரம் காயாமல் செதுக்கவும் முடியாது.

"அந்த அசிங்கத்தப் பாக்கத்தான்யா வந்தேன்!"

"அப்ப வெள்ளையடிச்சிரட்டுமா சார்?"

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தக் கரண்டியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். பிறகுதான், ஒரு பக்கத்தை வெட்டி எடுக்கச் சொல்லி மண்வெட்டியைக் கொடுத்தேன்.