பெயர் கேட்டு வந்த அண்ணன்

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அண்ணன் மூன்று வட்டங்கள் வரைந்தார். பெரியது சூரியன், அடுத்தது சந்திரன், மூன்றாவதற்குள் பொட்டுப் பொட்டாக நட்சத்திரங்கள். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலில், அம்மாவின் கட்டிலையொட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஏ.சி. மெக்கானிக்கான அவர் ஒயரிங் படம் போடுகிற அதே கவனத்தோடு பென்சிலைப் பிடித்திருந்தார். நான் கொண்டுவந்து வைத்த காபி பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. மார்மன் என்கிற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தபின் காபி, டீ இரண்டையும் விட்டுவிட்டதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். நான்தான் தெரிந்தே கொண்டுவந்து வைத்தேன். படுக்கையில் கிடக்கிற அம்மாவிடம் மதம் பேச வந்துவிட்டாரே என்ற எரிச்சல் எனக்கு.

அவரை அண்ணன் என்று நான் கூப்பிட்டாலும் எங்கள் இருவருக்கும் அப்பா மட்டுமே பொது. அவரைப் பெற்றவள் அவர் பிறந்த பத்தாம் நாள் அப்பாவின் ஊரான தென்னேரியில் இறந்துபோனாள். இரண்டு வருடம் கழித்து அப்பா என் அம்மாவைக் கட்டிக்கொண்டு, பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் வேலை கிடைத்ததும் காஞ்சிபுரத்துக்கே வந்துவிட்டார். என் அம்மா அண்ணனைக் கொடுமைப்படுத்தியவள் இல்லை. காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க விசிறியவள். ஆனால் முதல் மனைவியின் பேச்சு வந்தால் மட்டும் முகம் இறுகிப்போகும். அது தெரிந்து அப்பாவும் அந்தப் பெயரை வாயால் சொன்னதே இல்லை. உறவுக்காரர்கள் பேச வேண்டி வந்தால் ‘திருமுக்கூடல்காரி’ என்பார்கள். அவள் பிறந்த ஊர் அது. சிறுவயதில் ஒருமுறை சாப்பிடும்போது அண்ணன், “எங்கம்மா பேரு இன்னாப்பா?” என்று கேட்டார். அப்பா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. பதினெட்டு வயதில் சென்னைக்கு வேலைக்குப் போனார், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார், கூட வேலை பார்த்த ஒருவர் மூலமாக அந்தச் சபைக்குப் போக ஆரம்பித்து அண்ணியோடு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். ஐம்பதை நெருங்கும் வயதில், அப்பா இறந்து பல வருடம் ஆனபிறகு, அந்தக் கேள்வியை மறுபடி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நரகம் என்று பெரும்பாலானவர்களுக்கு ஒன்று கிடையாது என்றுதான் அவர் தொடங்கினார். செத்தவர்கள் ஆவிகளின் உலகத்தில் காத்திருப்பார்கள். இங்கே கேட்காததை அங்கே கேட்கலாம், கற்றுக்கொள்ளலாம். கடைசியில் அவரவர் வாழ்ந்த விதத்துக்குத் தக்கபடி சூரியன் போன்ற மகிமை, சந்திரன் போன்ற மகிமை, நட்சத்திரங்கள் போன்ற மகிமை என்று மூன்றில் ஒன்று கிடைக்கும். கடைசிப் படியில் இருக்கிறதுகூட நாம் கற்பனை செய்யமுடியாத அழகு. ஆனால் புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாகவே என்றென்றும் இருப்பது உச்சியில் மட்டும்தான்.

அம்மா தலையணையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். “கீழ இருக்கறவங்க மேல வர முடியாதா?” என்றாள்.

“வர முடியாதும்மா. மேல இருக்கறவங்க வேணா கீழ வந்து பாத்துட்டுப் போலாம்.”

“அப்ப நீ வந்து பாத்துட்டுப் போ. எனக்கு வரதர் இருக்கறாரு, போதும்.”

அண்ணன் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி வந்த விஷயத்தைச் சொன்னார். இறந்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர் ஒருவர் தண்ணீரில் இறங்கி அவர்கள் பெயரால் ஞானஸ்நானம் வாங்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அங்கே இருக்கிறவர்களின் இஷ்டம். அதேபோல ஆலயத்தில் புருஷன் பெண்டாட்டியை முத்திரையிட்டுச் சேர்த்துவைக்கலாம். அதற்கு அவர்களுடைய ஆலயம் இருக்கிற வெளிநாட்டுக்குப் போகவேண்டும். “அப்பாவையும் எங்கம்மாவையும் முதல்ல சேக்கணும் பாப்பா. அதுக்கு அவங்க பேரு வேணும். அப்பா பொட்டியில எதுனா பேப்பர் இருக்குதா?”

அம்மாவின் சிரிப்பு நின்றுபோனது. “அப்ப உங்கப்பா அங்க யாரு கூடப்பா இருப்பாரு?” என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பென்சிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருடம் அப்பாவுக்குச் சோறு போட்டு, கடைசியில் படுக்கையில் மலம் அள்ளிப்போட்டவள் என் அம்மா. பத்து மாதம் வாழ்ந்துவிட்டுப் போனவளுக்கு அவரை நிரந்தரமாகக் கொடுக்கப்போகிறாரா இவர்? எனக்கு அந்தச் சொர்க்கத்தில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அதில் என் அம்மாவுக்கு இடம் இல்லை என்பதை விட்டுவிட முடியவில்லை.

“இல்லண்ணா. அந்தப் பொட்டியில இருந்தது எல்லாம் கரையான் அரிச்சிடுச்சு, கொளுத்திட்டோம்” என்றேன்.

பொய். அப்பாவின் முதல் கல்யாணப் பத்திரிகை பீரோவில் என் சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் இருந்தது. மஞ்சள் தாள், நான்கு மடிப்பு. மணமகள் பெயர் அச்சில் தெளிவாக இருந்தது. அப்பா இறந்த வாரம் பெட்டியை ஒழித்தபோது எடுத்து, அம்மா கண்ணில் படவேண்டாமென்று ஒளித்துவைத்தது. அதுவரைக்கும் அது நல்லெண்ணம்தான்.

அண்ணன் என்னைச் சந்தேகப்படவில்லை. “சரி பாப்பா, விடு” என்றார். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கூட்டம் முடிந்து திருமுக்கூடலுக்குப் பைக்கில் போய் வந்ததாக அண்ணி பிறகு சொன்னார். அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு எப்போதோ போய்விட்டது. கிழவர் ஒருவர் மட்டும், “தென்னேரியில வாக்கப்பட்டுச்சே, அந்தப் பொண்ணா? செவப்பா இருக்கும்பா” என்றாராம். பெயர் அவருக்கு நினைவில்லை. அந்தச் ‘செவப்பா இருக்கும்’ என்ற இரண்டு சொல்லை அண்ணன் போனில் எனக்கு இரண்டு முறை சொன்னார். தன் அம்மாவைப் பற்றி அவருக்குக் கிடைத்த முதல் செய்தி அது. நான் “ஓஹோ” என்றேன். பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறவள் நான். ஒரு வரியைத் தவறாக எழுதிவிட்டால் அடுத்த வரிகள் எல்லாம் தவறு என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்கிறவள்.

இரண்டு வருடம் கழித்து அம்மா இறந்தாள். அவள் ஆசைப்பட்டிருந்தபடி கொள்ளி வைத்தது அண்ணன்தான். சபைக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று நான் இழுத்தபோது, “என்ன வளத்தவங்க பாப்பா. இதுல யாரு இன்னா சொல்றது?” என்றார். மொட்டைத் தலையோடு பதினாறு நாளும் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அப்போது சொல்லியிருக்கலாம். துக்கத்தில் எதற்கு என்று தள்ளிப்போட்டேன்.

அதற்கு அடுத்த வருடம் அவரும் அண்ணியும் கடல் கடந்து அந்த ஆலயத்துக்குப் போய்வந்தார்கள். திரும்பி வந்த வாரமே ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

“பாப்பா, நம்ம அம்மாவை அப்பாவோட சேத்துட்டேன். உங்க அண்ணிதான் அம்மாவுக்காகத் தண்ணியில எறங்குச்சு.”

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. “எங்கம்மாவையா?” என்றேன்.

“பின்ன? அன்னிக்கே கேட்டாங்க இல்ல, யாரு கூட இருப்பாருன்னு. அப்பாவோட ரெண்டு பேரையும் சேக்கலாம் பாப்பா, அதுக்கு வழி இருக்குது. ஆனா உசுரோட இருக்கறவங்களுக்கு இதப் பண்ண முடியாது. நீங்க செத்தப்புறம் பண்றேம்மான்னு அவங்க மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அதான் வாய மூடிக்கினு இருந்துட்டேன். அவங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வேணாம்னு சொல்லிடுவாங்க. வரதர விட்டு வரமாட்டாங்கன்னுதான் தோணுது. இருந்தாலும் கதவு தொறந்து இருக்கட்டுமே.”

“உங்கம்மா?” என்று கேட்டேன்.

“பேரு இல்லையே. இன்னாரோட சம்சாரம்னு போட்டுக் குடுக்கலாம்னு சொன்னாங்க. எனக்கு மனசு வரல. ஆலயத்துல பேரைச் சொல்லித்தான் கூப்புடுவாங்க பாப்பா. நான் பொறந்ததுலேர்ந்து யாரும் அவங்கள எங்கிட்டப் பேரு சொல்லிப் பேசல. அங்கயும் அப்படியேவா?” சிரிக்கப் பார்த்தார். “கெடைக்கும். கெடைச்சா மறுபடி போறேன்.”

பீரோ நாலு எட்டில் இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. எழுந்தேன். பீரோவைத் தாண்டிச் சமையலறைக்குள் போய் மோர் கலந்து எடுத்துவந்து கொடுத்தேன். என் அம்மாவுக்கு அவர் கதவு திறந்துவைத்துவிட்டு வந்திருக்கிறார். அவர் அம்மாவை வாசலில் நிறுத்தியவள் நான் என்று எந்த வாயால் சொல்வது? மூன்று வருடப் பொய்யை அவிழ்த்தால் இந்த முகம் என்ன ஆகும் என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. அவரை நோகடிக்கக்கூடாது என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். மோர் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

எட்டு மாதம் கழித்து, ஒரு வீட்டு மொட்டைமாடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. ஆலயத்தில் உடுத்திய வெள்ளை உடுப்பிலேயே அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்யாணப் பத்திரிகையை என் கைப்பையில் எடுத்துப்போயிருந்தேன். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவர் கைக்கடியில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதையும் செய்யவில்லை. பெட்டிக்குள் வைத்துவிட்டால் என் குற்றமும் சேர்ந்து மண்ணுக்குள் போய்விடும் என்ற ஆசைதான் அது என்று அங்கே நிற்கும்போதே புரிந்தது. அவருக்கு இனி அது தேவையில்லை. யாரிடம் சொன்னால் எனக்கு வலிக்குமோ அவரிடம்தான் சொல்ல வேண்டும்.

நாற்பது நாள் கழித்து அண்ணியின் வீட்டுக்குப் போனேன். பத்திரிகையை மேஜைமேல் வைத்து, எதையும் மறைக்காமல், காபி கொண்டுவந்து வைத்ததில் தொடங்கி மோர் கலந்தது வரை சொன்னேன். நான் முடித்தபின் அண்ணி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மடிப்பில் தாள் கிழியாமல் பிரித்து, மணமகளின் பெயரை எழுத்துக்கூட்டுவதுபோல வாய்விட்டு வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கேட்டிருக்கவேண்டியவர் கேட்காமல் போன பெயர் அது.

“நான் போறேன். அவங்களுக்காக நானே எறங்கறேன்” என்றார்.

நான் அழுதுகொண்டே, “அண்ணனுக்குத் தெரியாமலே போச்சே அண்ணி” என்றேன்.

அண்ணி என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. பத்திரிகையைப் பழைய மடிப்பிலேயே மடித்து பைபிளுக்குள் வைத்தார். அவருடைய நம்பிக்கையில் சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஒன்றைச் சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னார்:

“தெரியாம எப்படிம்மா? இந்நேரம் அவங்கம்மாவப் பாத்திருப்பாரு. மொத வேலையா பேரைத்தான் கேட்டிருப்பாரு.” என் முகத்தைப் பார்த்தார். “அது எங்க இருந்துச்சுன்னும் தெரிஞ்சிருக்கும்.”